சுவரைத் தைக்கும் கல்

2015 ஜூன் முதல் வாரம், நேபாளத்தின் சிந்துபால்சோக் மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் முதலில் கை வைத்துப் பார்த்தது ஒரு பாதிச் சுவர். நீளத்தில் பாதி இல்லை, அகலத்தில் பாதி. வெளிப்பக்கக் கற்கள் மொத்தமாகப் பிரிந்து கீழே கொட்டிக் கிடந்தன. உள்பக்கக் கற்கள் அப்படியே நின்றன. அதில் ஆணியில் ஒரு நாட்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. விக்ரம் ஆண்டு 2072, வைசாக மாதம். அவர்களுக்கும் நமக்கும் அந்த வருடம் ஒரே நாளில்தான் புத்தாண்டு பிறந்திருந்தது, ஏப்ரல் 14. பதினோரு நாள் கழித்து, ஏப்ரல் 25 சனிக்கிழமை பகல் 11:56க்கு மலை ஆடியது.

கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் அருகே தொடங்கிய 7.8 அளவு நடுக்கம் கிழக்குப் பக்கமாக உடைத்துக்கொண்டே வந்தது. மே 12 அன்று 7.3 அளவில் இன்னொன்று. நாடு முழுக்க ஏறத்தாழ 9,000 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் 3,500க்கும் மேற்பட்டவர்கள் இந்த ஒரு மாவட்டத்தில். சனிக்கிழமை அங்கே பள்ளி விடுமுறை. பள்ளிக்கட்டடங்களும் நிறைய விழுந்தன, ஆனால் உள்ளே பிள்ளைகள் இல்லை. அதே விடுமுறையால் வீட்டில் இருந்த பிள்ளைகளும் உண்டு. நாட்காட்டி தொங்கிய வீட்டில் ஒரு பையன் இருந்தான். அவன் மேல் விழுந்தது அந்த வெளிப்பக்கச் சுவர்தான்.

நான் கட்டட மேஸ்திரியாக இருபது வருடம் வேலை பார்த்தவன். செங்கல்லும் சிமெண்டும்தான் என் பழக்கம். கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டுவது சின்ன வயதில் பார்த்ததோடு சரி. நண்பர்கள் சிலர் சேர்ந்து போன சின்னக் குழு அது, ஆறு பேர். நேபாளியில் கொத்தனாரை மிஸ்திரி என்பார்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே நான் யார் என்பது ஊருக்குப் புரிந்துவிட்டது. அண்ணனுக்கு அவர்கள் சொல்லும் சொல் நம் காதில் ‘தாயி’ என்று விழும். முதல் இரண்டு நாள் யாராவது அப்படிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன்.

மழைக்கு முன்னால்

ஜூன் நடுவில் பருவமழை இறங்கிவிடும். எங்கள் கையில் இருந்தது பத்துப் பன்னிரண்டு நாள். ஊரில் நாற்பது வீடு இருக்கும், நிற்பது இரண்டு. எல்லாரும் பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் இருந்தார்கள். நாங்களும் கட்டுக்கட்டாக விரிப்புதான் கொண்டுபோயிருந்தோம். மலைக்காற்றில் அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, கண்ணி போட்ட ஓரத்திலிருந்து கிழிந்துகொண்டே போனது. அந்தக் காசுக்கு ஆணி, கட்டுக்கம்பி, கடப்பாரை, வெட்டுக்கத்தி வாங்கிப் போயிருக்கலாம். கூரைக்கான சாமான் எல்லாம் இடிபாட்டுக்குள்ளேயே இருந்தது.

அதனால் முதல் வேலை தோண்டி எடுப்பது. அதற்கு ஒரு வரிசை வைத்துக்கொண்டோம். முதலில் தானியம், விதை. இரண்டாவது தகரம். மூன்றாவது மரம். கல்லைக் கடைசியில் ஒதுக்கினால் போதும், அது எங்கும் போகாது.

தானியத்தை முதலில் வைத்தது அந்த ஊர்ப் பெண்கள். எனக்கு அது தோன்றவில்லை. அவர்கள் ‘கோதோ’ என்பது நம் கேழ்வரகு. அதைக் கிளறி உருண்டையாகச் சாப்பிடுவதற்கு ‘டிடோ’ என்று பெயர், நம் களியேதான். நாற்றுப் போட வேண்டிய பருவம் அது, விதையோ மேல்தளத்துக் கூடைகளில் இருந்து கல்லுக்கடியில் போயிருந்தது. ஒரு பருவம் தவறினால் அடுத்த வருடம் முழுக்க லாரியை எதிர்பார்த்து உட்கார வேண்டும். நான்கு நாளில் பன்னிரண்டு வீட்டு விதையை மீட்டோம். சிலது நனைந்து முளைவிட்டிருந்தது. சலித்து, வெயிலில் காயவைத்து, கிடைத்ததை ஊரே பங்கு போட்டுக்கொண்டது.

நெளிதகரத்தை அவர்கள் ‘ஜஸ்தா’ என்கிறார்கள். கசங்கிய தகரத்தைத் தட்டையான பாறை மேல் போட்டு, உருட்டுக்கட்டையால் நெளிவின் பள்ளத்தோடு இழுத்துத் தட்டினால் முக்கால்வாசி நிமிரும். பழைய ஆணி ஓட்டைகள்தான் தொல்லை. சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, தார் தடவி, அதே ஓட்டையில் புது ஆணியோடு அடித்தோம். ஆணி எப்போதும் நெளிவின் மேட்டில். பள்ளத்தில் அடித்தால் ஓடுகிற தண்ணீர் முழுக்க அந்த ஓட்டை வழியாக இறங்கும். ஒரு தகரம் அடுத்ததன் மேல் ஒன்றரை நெளிவாவது ஏற வேண்டும், மேலும் கீழும் ஒரு சாண்.

கொட்டகைக்குச் சுவரே வைக்கவில்லை. இரண்டு பக்கமும் தரையிலிருந்தே சாய்ந்து ஏறி உச்சியில் சேரும் கூரை, நம் ஊர்க் காவல் குடிசை மாதிரி. சுவர் இல்லாததால் பின்னதிர்வில் விழ எதுவும் இல்லை. அந்த நாட்களில் படுத்த பிறகு ஒரு முறையாவது தரை ஆடும். கல்லுக்குப் பக்கத்தில் படுக்கச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள், அது நியாயமும்கூட. மூங்கிலின் அடியைத் தீயில் வாட்டி முக்கால் முழம் புதைத்தோம். கூரையை முறுக்கிய கம்பியால் பெரிய கல்லோடு கட்டினோம். சுற்றிலும் ஒரு முழம் தள்ளி வாய்க்கால். வாய்க்காலை விட்டால் மற்றது எல்லாம் வீண், மலைச்சரிவில் மழைத்தண்ணீர் மேலிருந்து வருவதைவிடப் பின்னாலிருந்துதான் அதிகம் வரும்.

இதில் என் பெரிய தவறு இடம் பார்த்ததில். ஊருக்குக் கீழே அழகான சமதிட்டு ஒன்று, வயல் வரப்பு போலக் கல் அடுக்கி நிரவியது. முதல் மூன்று கொட்டகைகளை அங்கே போட்டேன். மூன்றாம் இரவு வந்த ஆட்டத்துக்குப் பிறகு காலையில் பார்த்தால் திட்டின் நீளத்துக்கும் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. நிரப்பிய மண் சரிவை நோக்கி நகர்ந்திருந்தது. மழை வந்திருந்தால் மூன்று குடும்பமும் மண்ணோடு போயிருக்கும். அந்தத் திட்டில் யாரும் மாடுகூடக் கட்ட மாட்டார்கள் என்று ஒரு பெரியவர் முதல் நாளே சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் மொழிபெயர்ப்பவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றைக்கே பிரித்து, வெட்டி எடுத்த பாறைத்தரையில் மாற்றினோம். அதற்கப்புறம் எந்த இடத்தில் முளை அடிப்பதானாலும் அந்தப் பெரியவரைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். மேலே சரிவில் வெடிப்பு இருக்கிறதா, மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா, புதிதாகத் தண்ணீர் கசிகிறதா என்று மூன்றையும் அவர் பார்த்துவிட்டுத் தலையாட்டினால்தான் வேலை தொடங்கும்.

தண்ணீர்

ஊரின் ஊற்று ஏப்ரலிலேயே நின்றுபோயிருந்தது. பாறைக்குள் வழி மாறினால் அப்படி ஆகும். முக்கால் மணி நேரம் ஏறினால் புதிதாக ஒரு கசிவு கிடைத்தது, அதைக் குழாயில் ஊருக்குக் கொண்டுவர வேண்டும். எச்டிபிஈ என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த கறுப்புக் குழாய்ச் சுருள்களை ஒரு நிவாரணக் கிடங்கில் தந்தார்கள்.

அந்தக் குழாயைச் சேர்ப்பதற்குப் பசை கிடையாது, உருக்கித்தான் ஒட்ட வேண்டும். கைப்பிடி வைத்த தட்டையான இரும்புத்தட்டு ஒன்றை விறகுத்தீயில் காய்ச்சி, இரண்டு குழாய்முனையையும் அதன் இருபுறமும் அழுத்தி, விளிம்பு உருகி வெளியே சுருண்டதும் தட்டை உருவிவிட்டு முனைகளை நேருக்கு நேர் அழுத்திப் பிடிக்க வேண்டும். 220 டிகிரிக்கு அருகில் சூடு வேண்டும். சூடு கூடினால் பிளாஸ்டிக் புகைந்து கருகும், குறைந்தால் ஒட்டினது போல இருந்து அழுத்தத்தில் விட்டுவிடும். முதல் நாள் ஒட்டிய ஒன்பதில் நான்கு விட்டுப்போயின. முனையை நேராக அறுக்காதது ஒரு காரணம், ஆறுவதற்குள் அவசரப்பட்டு அசைத்தது இன்னொன்று. நல்ல ஒட்டு என்றால் குழாயைச் சுற்றி இரட்டை வளையம் போலச் சீராகச் சுருள் எழும்பும். அதைப் பார்த்தே பிறகு ஊர்ப் பையன்கள் நல்லது கெட்டது சொன்னார்கள். பச்சைத்தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது, தானாக ஆறட்டும்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு ‘பார்’ (அழுத்தத்தின் அளவு) ஏறும். எங்கள் குழாய் ஆறு பாருக்கானது, இறக்கமோ தொண்ணூறு மீட்டருக்கு மேல். நடுவழியில் ஒரு சின்னத் தொட்டி கட்டித் தண்ணீரைத் திறந்தவெளியில் விழவிட்டு, அங்கிருந்து மறுபடி குழாயில் எடுத்தோம். தொட்டியில் அழுத்தம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஊர்க்குழாயில் தண்ணீர் வந்த மாலையில் மழையும் வந்தது.

நடுவில் ஒரு குளிர்காலம்

ஜூன் கடைசியில் நாங்கள் திரும்பிவிட்டோம். தற்காலிகக் கூரைக்கு அரசு குடும்பத்துக்கு 15,000 நேபாள ரூபாய் கொடுத்தது, பிறகு குளிருக்கு 10,000. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை இந்திய எல்லையில் சரக்கு நின்றுபோனது. டீசல் இல்லை, சமையல் வாயு இல்லை, சிமெண்டும் தகரமும் மலைக்கு ஏறவில்லை. டிசம்பரில்தான் தேசிய மறுகட்டமைப்பு ஆணையம் வந்தது. போனில் பேசும்போது எல்லாம், தகரத்தின் உள்பக்கம் இரவில் பனித்துளி கட்டி விடியலில் பாய் மேல் சொட்டுகிறது என்பார்கள். வைக்கோலை மூங்கில் தட்டிக்குள் திணித்து உள்கூரை போடச் சொன்னேன், ஓரளவுக்கு நின்றது. எனக்கு இடம் பார்த்துச் சொன்ன அந்தப் பெரியவர் ஜனவரியில் போய்விட்டார். அவர் வெடிப்பு பார்க்கும் விதத்தை எழுதி வைத்துக்கொள்ளாமல் விட்டேன் என்பது இன்னும் மனதில் கிடக்கிறது. மேலே மூன்று வரியில் எழுதியது அவர் பத்து நிமிடம் நின்று பார்த்ததில் பாதிகூட இருக்காது.

2016 நவம்பர்: சுவர்

இந்த முறை ஐந்து மாதம் இருப்பதாக முடிவு செய்து போனேன். வீட்டுக்கு 3 லட்சம் நேபாள ரூபாய் மானியம் என்று அறிவித்திருந்தார்கள், நம் பணத்தில் 1,87,500. ஒப்பந்தம் போட்டதும் 50,000. அடித்தளம் முடிந்து பார்வையிட்ட பிறகு 1,50,000. சுவர் கூரை மட்டத்துக்கு வந்ததும் 1,00,000. அதற்குள் நிலநடுக்கம் தாங்கும்படி கட்ட வேண்டும்.

ஊரில் எல்லாரும் கல்வீடு வேண்டாம் என்றார்கள். தூண் வைத்த சிமெண்ட் வீடுதான் வேண்டும். “கல்தான் எங்களைக் கொன்றது தாயி” என்று ஒருவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் கணக்கு இடித்தது. சாலை முடியும் இடத்திலிருந்து ஊருக்கு மூன்று மணி நேரம் ஏற்றம். சிமெண்ட், கம்பி, மணல், செங்கல் எல்லாம் கோவேறு கழுதையின் முதுகிலோ, நெற்றிப்பட்டையில் தொங்கும் ‘டோகோ’ கூடையிலோ வர வேண்டும். 3 லட்சத்துக்கு நான்கு தூணும் ஒரு தளமும் எழும்பாது. வழியில் அடுத்தடுத்த ஊர்களில் கம்பி நீட்டிக்கொண்டு பாதியில் நின்ற தூண்களைப் பார்த்துக்கொண்டேதான் ஏறினேன். கடன் வாங்கியவர்கள் அவற்றைப் பார்த்தபடி தகரத்துக்குள் இருந்தார்கள். கல்லோ காலடியில் மலைமலையாகக் கிடக்கிறது.

சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தெரிந்தது. நாட்காட்டி வீட்டுப் பாதிச் சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண்ணிடம் அனுமதி கேட்டு அதை ஊர் முன்னால் ஒவ்வொரு கல்லாகப் பிரித்தோம். அரை மீட்டர் அகலச் சுவர். முன்னும் பின்னும் ஒரு சாண் கற்களால் இரண்டு தனித்தோல், நடுவில் பொடி. மேலிருந்து கீழ்வரை பிரித்தும், ஒரு தோலிலிருந்து இன்னொரு தோலுக்கு நீண்டு இரண்டையும் பிடித்திருந்த கல் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதைச் சுற்றி மட்டும் வெளித்தோலும் நின்றிருந்தது! அதை எடுத்துக் காட்டி, இந்தக் கல் வீடு முழுக்க இருந்திருக்க வேண்டும் என்றேன். யாரும் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் ஒரு ஆட்டப்பலகை செய்தோம். பழைய கதவு ஒன்று, அதற்கு அடியில் குழாய்த்துண்டு நான்கு, இரு பக்கமும் கயிறு. கதவின் மேல் முழங்கால் உயரத்தில் இரண்டு பொம்மை வீடு, இரண்டும் கூழாங்கல்லும் மண்ணும்தான். ஒன்று ஊரில் கட்டியிருந்த மாதிரியே. இன்னொன்றில் குறுக்காகக் குச்சிகளும், சன்னலுக்குக் கீழே, மேலே, சுவர் உச்சியில் என்று மூன்று இடத்தில் சுற்றி வரும் மூங்கில் பட்டையும். மூன்று நாள் காயவிட்டோம். நான்கு பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம் நின்று கயிற்றை இழுத்தார்கள். ஐந்தாறு இழுப்பில் முதல் வீட்டின் வெளித்தோல் பிரிந்தது, மூலை திறந்தது, கொட்டிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டும், அடுத்த ஊரில் செய்தபோது அப்படித்தான் செய்தேன்.

இரண்டாவது வீட்டை இன்னும் நெடுநேரம் ஆட்டினார்கள். மூலையில் சாய்ந்த விரிசல் விட்டது, நான்கைந்து கல் உதிர்ந்தது, பெட்டி நின்றது. நாட்காட்டி வீட்டுப் பெண் வந்து குனிந்து விரிசலில் விரலை வைத்துப் பார்த்தார். “வெடிச்சிருச்சே?” என்றார்.

“வெடிக்கும். ஆனால் பிரிந்து விழாது. உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துவிடலாம்.”

அவர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அப்புறம், முதல் வீடு தன்னுடையதாக இருக்கட்டும் என்றார். கணவர் வளைகுடாவில். ஊரில் திடமான ஆண்களில் முக்கால்வாசிப் பேர் மலேசியாவிலோ கத்தாரிலோ இருந்தார்கள். அதனால் கரணை பிடிக்க முன்வந்த ஒன்பது பேரில் ஆறு பேர் பெண்கள். அங்கே ‘பர்மா’ என்று ஒரு வழக்கம் உண்டு. இன்று என் வயலில் நீ, நாளை உன் வயலில் நான். கூலி கிடையாது, நாள் கணக்கு மட்டும். வீட்டையும் பர்மாவில் கட்டலாம் என்று சொன்னதும் அவர்தான். நான் அவரைத் தங்கை என்று பொருள்படும் ‘பஹினி’ என்று கூப்பிட்டேன், அவருக்கு நான் தாயி.

இனி வேலை விவரம். ஒரே தளம், மேலே இலேசான பரண். நீளச்சுவர் நான்கு மீட்டருக்குள், அதைத் தாண்டினால் நடுவில் குறுக்குச்சுவர். கதவும் சன்னலும் மூலையிலிருந்து குறைந்தது 60 செ.மீ. தள்ளி. சுவர் அகலம் 45 செ.மீ. உருண்டைக் கல்லை அப்படியே வைக்கக் கூடாது, உடைத்து ஒரு தட்டை முகமாவது வர வேண்டும். மண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு இரண்டு நாள் ஊறவிட்டு மிதித்தோம். பிடித்த உருண்டையை நெஞ்சுயரத்திலிருந்து போட்டால் தெறித்துச் சிதறாமல் தட்டையாக உட்கார்ந்தால் சரி. ஒரு நாளைக்கு 60 செ.மீ.க்கு மேல் சுவர் ஏற்றக் கூடாது. ஈர மண் பாரத்தில் பிதுங்கும். இந்த ஒரு விதிக்குத்தான் எல்லாரும் என்னோடு சண்டை போட்டார்கள்.

குறுக்குக் கல்தான் உயிர். உயரத்தில் 60 செ.மீ.க்கு ஒரு வரிசை, நீளத்தில் 1.2 மீட்டருக்கு ஒன்று, ஒரு வரிசையில் இருப்பது அடுத்த வரிசையில் இடைவெளிக்கு நேராக வருவது போல. 45 செ.மீ. நீளக் கல் அங்கே கிடைப்பதில்லை, எல்லாம் சில்லுசில்லாக உடையும் பாறை. அதற்கு மாற்று உண்டு. இரண்டங்குலச் சதுரத்தில், சுவரின் அகலத்துக்கு நீளமாக, நடுவில் ஒரு 8 மி.மீ. கம்பி வைத்த கான்கிரீட் கட்டை. மரச்சட்டத்தில் ஒரே நேரத்தில் இருபது வார்க்கலாம். ஒரு மூட்டை சிமெண்டில் நிறையவே வந்தது. குழந்தைகள் பள்ளி விட்டு வந்து அதற்குத் தண்ணீர் தெளித்தார்கள், ஏழு நாள் விடாமல்.

வேலை தொடங்கிய இரண்டாம் வாரத்தில் பஹினி, பூஜைக்கு வைத்திருந்த சிவப்புப் பொடியைக் குழைத்து, சுவரில் வைத்த குறுக்குக் கட்டை ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். உள்பக்கமும் வெளிப்பக்கமும். பூசினால் மறைந்துவிடும் என்றேன். “பூசறதுக்கு முன்னாடி எண்ணலாம் இல்லையா தாயி?” என்றார். பார்வையிட வருகிற பொறியாளர் கேட்டால் காட்டவும் அது சுலபமாக இருந்தது. அதற்கப்புறம் பொட்டு இல்லாத கட்டை எந்த வீட்டிலும் இல்லை.

பெல்ட் என்று நாம் சொல்லும் கான்கிரீட் பட்டை நான்கு மட்டத்தில்: அடித்தளத்தின் மேல், சன்னலுக்குக் கீழே, கதவு சன்னலுக்கு மேலே வரும் லிண்டலில், கூரைக்குக் கீழே. தடிமன் 75 மி.மீ. நீளவாக்கில் இரண்டு 12 மி.மீ. கம்பி, 15 செ.மீ.க்கு ஒரு குறுக்குக் கொக்கி. சுவரைச் சுற்றிப் பெட்டியைக் கட்டுகிற கயிறு இதுதான், எங்கேயும் அறுபடக் கூடாது. முக்கியமாக மூலையில் கம்பியை வெட்டி நிறுத்தக் கூடாது. ஒரு சுவரின் கம்பி மூலையில் வளைந்து அடுத்த சுவருக்குள் 70 செ.மீ.யாவது போய் அங்கே உள்ள கம்பியோடு கட்டப்பட வேண்டும்.

இதை அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான். மூன்றாவது வீட்டில், மாலை வெளிச்சம் போய்க்கொண்டிருந்தபோது, வடமேற்கு மூலையில் கம்பி வளையாமல் முட்டி நிற்பதைப் பார்த்தும், காலையில் தனியாக ஒரு துண்டு வைத்துக்கொள்ளலாம் என்று கான்கிரீட் போடச் சொல்லிவிட்டேன். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. எங்கே மூலை திறந்தது என்று ஆட்டப்பலகையில் காட்டியவனே அதைச் செய்தால் எப்படி? விடிவதற்குள் எழுந்து போய், முழுதாக இறுகாத கான்கிரீட்டை இரு பக்கமும் ஒரு மீட்டருக்கு உடைத்து எடுத்தேன். சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் கூடையை எடுத்து வந்து அள்ளினார். அந்த மூலையைக் கம்பி வளைத்து மறுபடி வார்த்தோம். சிமெண்ட் ஒரு மூட்டை என் காசு.

நிற்கும் கம்பியில்தான் நான் புதிதாக ஒன்று கற்றேன். மூலைகளிலும் சன்னல் ஓரங்களிலும் அடித்தளத்திலிருந்து கூரைப் பட்டை வரை ஒரு கம்பி போக வேண்டும். மண் சாந்துக்குள் கம்பியை விட்டால் துருப்பிடித்துப் போகும். அதற்கு ஒரு வழி: கம்பியைச் சுற்றி மூன்றங்குலக் குழாய்த்துண்டு ஒன்றை நிறுத்தி, அதைச் சுற்றிக் கல் அடுக்கி, குழாய்க்குள் கான்கிரீட் போட்டுக் குத்தி, சுவர் ஏற ஏறக் குழாயை மேலே உருவிக்கொண்டே போவது. குழாய் போன இடத்தில் கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் உறை நின்றுவிடும். தண்ணீர்க்குழாயில் மிஞ்சிய துண்டுகள் இதற்கு உதவின. ஒரே துண்டு பதினோரு வீட்டுக்கு வந்தது.

கூரையின் முக்கோணப் பக்கத்தைக் கல்லால் கட்ட விடவில்லை. உயரத்தில் பிடிப்பில்லாமல் நிற்கும் அந்த முக்கோணம்தான் ஆட்டத்தில் முதலில் கழன்று விழும். அங்கே மரச்சட்டமும் தகரமும் மட்டும். பழைய வீட்டின் அழகு அந்தக் கல்முகப்பில்தான் என்று இரண்டு வீட்டில் வருத்தப்பட்டார்கள். சட்டத்துக்கு வெளியே அவர்களே மரப்பட்டையில் வேலைப்பாடு செய்துகொண்டார்கள், நன்றாகவே இருந்தது.

பணம் வருவதுதான் இழுத்தது. பார்வையிட வர வேண்டியவர் ஒரு முறை ஏழு வாரம் வரவில்லை. அவருக்கு எத்தனை ஊர் என்று தெரியும், அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஆனால் இரண்டாம் தவணைக்குக் காத்திருந்த குடும்பங்கள் அந்த ஏழு வாரமும் வட்டிக்கு வாங்கி அரிசி வாங்கின. நாங்கள் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஒவ்வொரு பட்டையிலும் கான்கிரீட் போடும் முன் கம்பி மேல் அளவுநாடாவை வைத்து போட்டோ எடுத்து, வீட்டு எண்ணோடு வரிசையாக வைத்தோம். அவர் வந்த அன்று பதினோரு வீட்டையும் ஒரே நாளில் முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

பதினோராவது வீடு ஏறிக்கொண்டிருந்த ஏப்ரலில் ஒரு இரவு தரை லேசாக ஆடியது. எல்லாரும் வெளியே ஓடி வந்து நின்றோம். பஹினி மட்டும் டார்ச்சை எடுத்துக்கொண்டு தன் வீட்டைச் சுற்றி நடந்து ஒவ்வொரு மூலையையும் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அந்த ஊரில் ஆட்டத்துக்குப் பிறகு அதே இரவில் கல்சுவருக்குள் போய்ப் படுத்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

நான் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. மேல்வளைவில் பன்னிரண்டாவது வீட்டுக்குச் சுவர் லிண்டலுக்கு வந்திருந்தது. கட்டியவர் பக்கத்து ஊரிலிருந்து வந்த வயதான மிஸ்திரி, நாற்பது வருட அனுபவம். பட்டைக்குக் கம்பி கட்டத் தயாராக இருந்தபோது பஹினி வந்தார், சுவர் ஓரமாக நடந்துகொண்டே பொட்டுகளை எண்ணினார். உள்பக்கம் போய் மறுபடி எண்ணினார். வெளியே இருபத்திரண்டு, உள்ளே இருபத்தொன்று. தெற்குச் சுவரில் ஒரு பொட்டு வெளியே மட்டும் இருந்தது. கட்டை குட்டையாக இருந்திருக்கிறது, பொட்டை மட்டும் வைத்துவிட்டார்கள்.

மிஸ்திரி, ஒன்றுதானே, விடு என்றார். எனக்கும் நேரமில்லை, மேலே இரண்டு வரிசை கல்லை எடுக்க வேண்டும், மழை வேறு மூட்டமாக இருந்தது. பஹினி என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஏணியை இழுத்துச் சாத்தி ஏறி, மேல் வரிசையின் முதல் கல்லைப் பெயர்த்து என் கையில் கொடுத்தார்.